தண்ணீர்ச் சிக்கனமும் குடும்ப நலமும்

(குறிஞ்சிப்பாடி வட்டாரத் தம்பதிகள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நான் உள்ளே வரும்போது முன் வரிசையில் ஓர் அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது. "குடும்ப நலக் கூட்டம்னு கூப்பிட்டாங்க. இவரு தண்ணியைப் பத்திப் பேசப் போறாராமே, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் இன்று என் வேலை. கூட்டம் முடிந்து போகும்போது, "சம்பந்தம் இருக்கு" என்று அந்த அம்மா சொன்னால் எனக்கு அதுவே போதும்.

நம் ஊரின் நிலைமை

நம் ஊர்ப் பக்கம் ஓர் அதிசயம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடுமோ என்று பயப்படுகிறோம். சித்திரை, வைகாசியில் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீரைத் தேடி அலைகிறோம். இரண்டும் ஒரே ஊர், ஒரே வருஷம்.

2015-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. தீபாவளிக்கு முந்தைய நாள் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. பரவனாறு கரை புரண்டது. குறிஞ்சிப்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் வீடும் வயலும் தண்ணீரில் நின்றன. அந்த ஒரு நாள் மழைக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். 30 சதுர மீட்டர் உள்ள ஒரு சின்ன ஓட்டு வீட்டின் கூரை மேல் மட்டும் அன்று விழுந்தது 12,000 லிட்டர். 15 லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடத்தால் அளந்தால் 800 குடம்! அத்தனையும் ஓடிக் கடலில் கலந்தது. அடுத்த சித்திரையில் அதே வீட்டு அம்மா காலிக் குடத்தோடு வரிசையில் நின்றிருப்பார்.

பூமிக்கு அடியில் இருக்கும் தண்ணீரின் கதையும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஒரு பொருள் தென்பட்டது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-இல் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1961-இல் கரி வெளியே வந்தது. கரிப் படுகைக்கு அடியில் பெரிய நீர்த் தேக்கம் ஒன்று மேல்நோக்கி அழுத்தத்தோடு நிற்கிறது. அந்த அழுத்தத்தைக் குறைக்காமல் சுரங்கம் வெட்டினால் தண்ணீர் அடித்தளத்தைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். ஆகையால் சுரங்கத்தைச் சுற்றிக் குழாய்க் கிணறுகள் போட்டு இரவு பகலாக நீரை இறைக்கிறார்கள். முன்பெல்லாம் இந்தப் பக்கத்தில் துளை போட்டால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் தானாகப் பொங்கி வழிந்த இடங்கள் உண்டு என்று வயதானவர்கள் சொல்வார்கள். அந்தக் காலம் போய்விட்டது. சுரங்கத்துக்கு இறைக்கிறோம், விவசாயத்துக்கு இறைக்கிறோம், வீட்டுக்கும் இறைக்கிறோம். போர் ஆழம் கூடிக்கொண்டே போகிறது.

இதை யார் மேலும் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. அடியில் இருப்பது வற்றாத சுரங்கம் அல்ல என்பதை நினைவூட்டத்தான் சொல்கிறேன். 2019 கோடையில் சென்னை மாநகரத்துக்கே ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுபோக வேண்டி வந்தது. பக்கத்து வீராணம் ஏரித் தண்ணீர் 2004 முதல் குழாய் வழியே சென்னைக்குப் போகிறது. தண்ணீர் விஷயத்தில் பெரிய ஊர், சின்ன ஊர் என்ற பேதம் இல்லை.

குடத்தின் பாரம் யார் இடுப்பில்?

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

கிராமத்து வீடுகளுக்குக் குழாய் இணைப்புக் கொடுக்கும் ஜல் ஜீவன் திட்டம் 2019-இல் தொடங்கியது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது அதன் அளவு. குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க, கழிவறைக்கு எல்லாம் சேர்த்துத்தான். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். அதாவது 18 குடத்துக்கும் சற்று அதிகம். ஒரு குடம் தண்ணீர் 15 கிலோ. குழாய் வராத நாளில் இந்த 18 குடத்தையும் ஒருவர் தூக்கினால், அவர் சுமப்பது கால் டன்னுக்கு மேல்! அந்த ஒருவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கூட்டத்தில் சேலை கட்டியவர்கள் பக்கம் பார்த்தால் போதும்.

சென்ற ஆண்டுகளில் ஒரு கோடையில் நடந்ததைச் சொல்கிறேன். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் பரிசோதனைக்கு வந்தார். காய்ச்சல், அடிவயிற்றில் வலி, சிறுநீர் போகும்போது எரிச்சல். டாக்டர் பார்த்து மருந்து எழுதிக் கொடுத்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரிடம் நான் பேச்சுக் கொடுத்தேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணி குடிக்கிறம்மா?"

"மூணு, நாலு இருக்கும் சார்."

"இந்த வெயில்ல நாலு டம்ளரா? ஏம்மா?"

கொஞ்ச நேரம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "குடிச்சா அடிக்கடி போக வேண்டியிருக்கு சார். போனா கக்கூசுக்குத் தண்ணி ஊத்தணும். அந்தத் தண்ணியையும் நான்தானே தூக்கியாரணும்?"

அந்தப் பதிலைக் கேட்டு நான் வாயடைத்துப் போனேன். குடத்தின் பாரத்துக்குப் பயந்து ஒரு தாய் தன் வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்துத் தாகத்தை அடக்கிக்கொண்டிருக்கிறாள். தண்ணீர் குறைவாகக் குடிப்பதும், சிறுநீரை அடக்குவதும் சிறுநீர்த் தொற்றுக்கு இடம் கொடுக்கும். கர்ப்ப காலத்தில் அதைக் கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்தைத் தாக்கும். குறைமாதப் பிரசவத்துக்கும் காரணமாகலாம். இப்போது சொல்லுங்கள், தண்ணீருக்கும் குடும்ப நலத்துக்கும் சம்பந்தம் இல்லையா?

அவருடைய கணவர் வாசலில் சைக்கிளோடு நின்றிருந்தார். கூப்பிட்டுச் சொன்னேன். "என்கிட்ட சொல்லவே இல்லையே சார்" என்றார் அவர். கூட வந்த மாமியார், "நாங்கல்லாம் பத்தாம் மாசம் வரைக்கும் குடம் தூக்கினவங்கதான், எங்களுக்கு என்ன ஆச்சு?" என்றார்.

"ஆமாம்மா, தூக்கினீங்க. ஆனா பிரசவமான கையோட பாரம் தூக்கி, கர்ப்பப்பை அடி இறங்கி, வெளியே சொல்ல வெக்கப்பட்டு வருஷக் கணக்கா அவதிப்படுற பெரியம்மாக்களையும் நான் பாத்திருக்கேன்" என்று சொன்னேன். அந்த அம்மா அதற்கு மேல் பேசவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

எங்கே சிக்கனம் கூடாது?

சிக்கனம் என்றதும், எல்லா இடத்திலும் குறைப்பது என்று நினைத்துவிடக் கூடாது. தண்ணீரைக் குறைக்கவே கூடாத இடங்கள் நான்கு உண்டு. இதை முதலில் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, குடிக்கும் தண்ணீர். கர்ப்பிணியும் பால் கொடுக்கும் தாயும் நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து டம்ளர் குடிக்க வேண்டும். வெயிலில் முந்திரிக் காட்டில் வேலை செய்பவர்களுக்கு இன்னும் அதிகம் தேவை. தறிக் குழியில் காலை முதல் மாலை வரை உட்கார்ந்து கைலி நெய்பவர்களுக்கும் இது பொருந்தும். எழுந்திருக்கச் சோம்பி தாகத்தை அடக்காதீர்கள். பக்கத்திலேயே ஒரு சொம்பு வைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தைக்கு மட்டும் ஆறு மாதம் முடியும்வரை தண்ணீரே வேண்டாம், கோடையிலும் வேண்டாம். தாய்ப்பாலில் தேவையான தண்ணீர் இருக்கிறது. தண்ணீரைத் தாய்க்குக் கொடுங்கள், அது பாலாகக் குழந்தைக்குப் போய்ச் சேரும்.

இரண்டு, கை கழுவும் தண்ணீர். கழிவறைக்குப் போய் வந்த பிறகு, குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பிறகு, சமைக்கும் முன்பு, சாப்பிடும் முன்பு, குழந்தைக்கு ஊட்டும் முன்பு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இதற்கு ஒரு சொம்புத் தண்ணீர் போதும். அந்த ஒரு சொம்பை மிச்சம் பிடித்தால் வயிற்றுப்போக்கு வரும். துணி துவைக்கவே பத்துக் குடம் செலவாகும்.

மூன்று, மாதவிலக்குக் காலத்தில் பெண்கள் சுத்தத்துக்குப் பயன்படுத்தும் தண்ணீர். துணி வைப்பவர்கள் அதைச் சோப்புப் போட்டு அலசி, நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். இருட்டு மூலையில் ஒளித்துக் காயவைப்பது நோய்க்கு வழி. வீட்டில் வளர்ந்த பெண் இருந்தால் அவளுக்கென்று ஒரு வாளித் தண்ணீர் ஒதுக்கி வையுங்கள், அவள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

நான்கு, கழிவறைத் தண்ணீர். நம் கிராமத்துக் கழிவறைகளில் உள்ள சரிவான கோப்பைக்கு ஒரு தடவைக்கு இரண்டு, மூன்று லிட்டர் போதும். அதற்கு நல்ல தண்ணீர் தேவையில்லை. ஆனால் தண்ணீர் இல்லை என்று சொல்லிக் காட்டுக்குப் போகத் தொடங்கினால் ஊரே நோயில் விழும்.

எங்கே சிக்கனம் வேண்டும்?

கைநிறையச் சம்பாதித்துக் கண்டபடி செலவழிப்பவனை, "தண்ணியா செலவு பண்றான்" என்கிறோம். இன்று தண்ணீரையே அப்படிச் செலவழிக்க நமக்கு வசதியில்லை.

முதலில் ஒழுகும் குழாய். இன்று வீட்டுக்குப் போனதும் சொட்டும் குழாய்க்கு அடியில் ஒரு டம்ளர் வையுங்கள். பத்து நிமிஷத்தில் 200 மில்லி டம்ளர் நிறைந்தால் ஒரு நாளைக்கு 144 டம்ளர். ஏறத்தாழ 29 லிட்டர், இரண்டு குடத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. சில ரூபாய் விலையுள்ள ஒரு வாஷர் போட்டால் இந்த இரண்டு குடம் வீட்டுக்கு மிச்சம். தெருக்குழாயில் திருகு உடைந்திருந்தால், "பஞ்சாயத்து பாத்துக்கும்" என்று போகாதீர்கள். அன்றே போய்ச் சொல்லுங்கள்.

பாத்திரம் தேய்க்கும்போது குழாயைத் திறந்து விட்டுவிட்டுத் தேய்க்க வேண்டாம். முதலில் எச்சிலை வழித்துப் போட்டு, எல்லாவற்றையும் தேய்த்து வைத்துக்கொண்டு, இரண்டு பேசின் தண்ணீரில் அடுத்தடுத்து அலசுங்கள். முதல் பேசின் தண்ணீர் வாழைக்கு. இரண்டாம் பேசின் தண்ணீர் அடுத்த வேளைப் பாத்திரத்துக்கு முதல் அலசலாகும்.

பல் தேய்க்கவும் முகம் கழுவவும் சொம்பில் எடுத்துக்கொள்ளுங்கள். குளிக்க வாளியும் மக்கும் போதும். துணியைத் தினம் நாலு துவைப்பதை விட, சேர்த்து வைத்து ஒன்றாக ஊறவைத்துத் துவைத்தால் தண்ணீரும் சோப்பும் மிச்சம். கடைசி அலசல் தண்ணீர் கழிவறைக்கும் வாசல் தெளிப்பதற்கும் ஆகும். இப்போது பல வீடுகளில் ஆர்.ஓ. மெஷின் வைத்திருக்கிறார்கள். அது சுத்தம் செய்து கொடுக்கும் தண்ணீரை விட வெளியே தள்ளும் தண்ணீர் பெரும்பாலும் அதிகம். அந்தக் குழாயைச் சாக்கடையில் விடாமல் ஒரு வாளியில் விடுங்கள். தரை துடைக்க, கழிவறைக்கு ஊற்ற அது போதும்.

அரிசி, பருப்பு கழுவிய தண்ணீரை நம் பாட்டிமார் கழுநீர்த் தொட்டியில் ஊற்றி மாட்டுக்கு வைத்தார்கள். மாடு இல்லாத வீட்டில் அது கீரைப் பாத்திக்குப் போகட்டும்.

சேமித்த தண்ணீரில் கொசு

மேலே சொன்ன கர்ப்பிணியின் வீட்டுக்கு அடுத்த வாரம் போனேன். மனதுக்குச் சந்தோஷமாக இருந்தது. கணவர் காலையில் சைக்கிளில் குடங்களைக் கட்டிக் கொண்டுவந்து கழிவறைப் பக்கம் ஒரு பெரிய டிரம்மை நிரப்பி வைத்திருந்தார். "இனிமே அவ குடம் தொட வேண்டியதில்லை சார்" என்றார். மாமியார்தான் மருமகளுக்கு மணிக்கொரு தடவை டம்ளரில் தண்ணீர் நீட்டிக்கொண்டிருந்தார்.

நான் டிரம்மை எட்டிப் பார்த்தேன். உள்ளே கொசுப்புழு நெளிந்துகொண்டிருந்தது.

நல்லது செய்யப் போய் ஆபத்தை வாங்கிக்கொள்வது இப்படித்தான். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் வளர்வதில்லை. நாம் அருமையாகச் சேமித்து வைக்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டை இடும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிய முட்டை தண்ணீர் வற்றினாலும் பல மாதம் சாகாமல் இருக்கும். மறுபடி தண்ணீர் ஊற்றினால் உயிர் பெறும். ஆகையால் தண்ணீரைக் கொட்டி நிரப்பினால் மட்டும் போதாது. வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை வீடு கழுவும் நாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள், தொட்டி, டிரம், அண்டா எல்லாவற்றின் உட்சுவரையும் நார் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். பிறகு நிரப்பி, இடுக்கு இல்லாத மூடி போட வேண்டும். மூடி இல்லையென்றால் பழைய வேட்டித் துணியை இழுத்துக் கட்டினாலும் சரி. கழுவ முடியாத பெரிய தொட்டிக்குச் சுகாதாரப் பணியாளர் மருந்து ஊற்ற வந்தால் தடுக்காதீர்கள்.

கொல்லையில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை, உடைந்த பானை, பழைய டயர், ஆட்டுக்கல் குழி, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு எல்லாவற்றையும் பாருங்கள். ஒரு சிரட்டைத் தண்ணீர் போதும், ஒரு தெருவுக்கே கொசு வரும். காய்ச்சல் வந்தால் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். கர்ப்பிணிக்குக் காய்ச்சல் என்றால் ஒரு நாள் கூடத் தாமதிக்கக் கூடாது.

குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்து, மூடிய பாத்திரத்தில் வைத்து, பிடி உள்ள அகப்பையால் எடுங்கள். கையை விட்டு மொள்ள வேண்டாம். கிணற்றுத் தண்ணீருக்கு 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்பது கணக்கு. கிணற்றின் குறுக்களவு 3 மீட்டர், தண்ணீரின் ஆழம் 2 மீட்டர் என்றால் அதில் சுமார் 14,000 லிட்டர் இருக்கும். 35 கிராம் பவுடர் வேண்டும். கரைத்துத் தெளிவை மட்டும் கிணற்றில் கலக்கி ஒரு மணி நேரம் கழித்துத்தான் இறைக்க வேண்டும். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு இந்த அளவு போதாது. சுகாதார ஆய்வாளரை அழைத்து அவர் பரிசோதித்துச் சொல்லும்வரை அதைக் குடிக்காதீர்கள்.

இவ்வளவுக்கும் மேலே குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்துவிட்டால், ஒரு பாக்கெட் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடியை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் முழுதாகக் கலந்து சிறிது சிறிதாகக் கொடுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. கூடவே செவிலியர் தரும் துத்தநாக மாத்திரையை, போக்கு நின்றுவிட்டாலும் 14 நாளும் கொடுத்து முடியுங்கள்.

தோட்டத்துக்குத் தனித் தண்ணீர் வேண்டாம்

"குடிக்கவே தண்ணி இல்ல, தோட்டம் எங்க போடுறது?" என்று கேட்பீர்கள். தோட்டத்துக்கென்று ஒரு குடம் கூட இறைக்க வேண்டாம். வீட்டை விட்டு வெளியே ஓடும் தண்ணீரே போதும்.

குளிக்கும் தண்ணீரும் பாத்திரம் தேய்த்த தண்ணீரும் ஒரே இடத்தில் தேங்கினால் சேறு, கொசு, நாற்றம். அதையே சிறு வாய்க்கால் வெட்டி இரண்டு வாழைக்கும் ஒரு கல்வாழைப் பாத்திக்கும் திருப்பினால் தேக்கமும் இல்லை, குலையும் கிடைக்கும். ஒரே மரத்துக்கே தினமும் சோப்புத் தண்ணீர் விடாமல் மாற்றி மாற்றி விடுங்கள். இடம் இல்லாத வீட்டில் உறிஞ்சு குழி தோண்டுங்கள். ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழம். அடியில் பெரிய செங்கல் உடைசல், மேலே சிறிய ஜல்லி. குடிநீர்க் கிணற்றுக்கு 15 மீட்டருக்கு உள்ளே கழிவறைக் குழியோ கழிவுநீர்க் குழியோ வரக் கூடாது.

கீரைக்கும் பச்சையாகத் தின்னும் காய்க்கும் சோப்புத் தண்ணீர் விடாதீர்கள். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரே அதற்கு உகந்தது. வெயில் ஏறிய பிறகு ஊற்றும் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகிப் போகும். விடியற்காலையிலோ பொழுது சாய்ந்தோ ஊற்றுங்கள். செடியின் அடியைச் சுற்றி வைக்கோல், முந்திரிச் சருகு, தென்னை மட்டை எது கிடைக்கிறதோ அதைப் பரப்பி மூடுங்கள். நம் செம்மண் சீக்கிரம் காய்ந்துவிடும். மூடாக்குப் போட்டால் ஈரம் நாள்பட நிற்கும்.

இன்னொரு பழைய வழி. சூளையில் வெந்த சாதாரண மண்பானையைச் செடிக்குப் பக்கத்தில் கழுத்து வரை புதைத்து, தண்ணீர் ஊற்றி, வாயைத் தட்டால் மூடிவிடுங்கள். பானையின் உடம்பு வழியே ஈரம் கசிந்து வேருக்கு மட்டும் போகும். பப்பாளி, முருங்கைக் கன்று, பூசணி, அவரை எல்லாம் இப்படிக் கோடையைத் தாண்டும். மூடாமல் விட்டால் கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுத்ததாகும்.

ஒரு முருங்கை, ஒரு பப்பாளி, ஒரு பாத்திக் கீரை இருந்தால் இரத்தசோகை உள்ள தாய்க்கும், ஆறு மாதத்துக்கு மேல் சோறு தின்னத் தொடங்கும் குழந்தைக்கும் அது பெரிய துணை. கர்ப்பிணிகள் இரும்புச் சத்து மாத்திரையை விட்டுவிட்டுக் கீரையை மட்டும் நம்பக் கூடாது, இரண்டும் வேண்டும்.

கூரைத் தண்ணீர்

தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. அப்போது ஊரெல்லாம் குழாய் வைத்தார்கள். அந்தக் குழாய்கள் இன்று எத்தனை வீட்டில் வேலை செய்கின்றன? சிலவற்றில் அணில் கூடு கட்டியிருக்கிறது. சிலவற்றில் குழி மண் மூடிவிட்டது.

நம் மாவட்டத்தில் சாதாரணமாக ஆண்டுக்கு 1,000 மில்லி மீட்டருக்கு மேல் மழை உண்டு. 1,000 என்றே வைத்துக்கொண்டாலும், 30 சதுர மீட்டர் கூரையில் விழுவது 30,000 லிட்டர். சிதறலுக்கும் ஆவியாவதற்கும் ஐந்தில் ஒரு பங்கு கழித்தால் மீதம் 24,000 லிட்டர், அதாவது 1,600 குடம். ஒருத்தர் இடுப்பு தூக்காமல் வீடு தேடி வருகிற 1,600 குடம்!

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. புரட்டாசி முடிவதற்குள் கூரையைப் பெருக்குங்கள். தகரத்திலோ பிளாஸ்டிக்கிலோ ஒரு தாழ்வாரக் குழாய் போடுங்கள். முதல் ஒன்றிரண்டு மழையை வெளியே விட்டுவிடுங்கள். தூசியும் பறவை எச்சமும் அதோடு போகும். பிறகு வருவதை மணலும் ஜல்லியும் நிரப்பிய குழி வழியாகக் கிணற்றுப் பக்கம் பூமிக்குள் இறக்குங்கள். தொட்டியில் பிடித்து வைப்பவர்கள் அதை மூடி வையுங்கள். குடிக்கக் கொதிக்க வையுங்கள். ஊர்ப் பொதுவில் பெருமாள் ஏரி, வாலாஜா ஏரிக்குப் போகும் வாய்க்காலையும், உங்கள் தெருக் குளத்தின் வரத்துக் காலையும் குப்பை போட்டு அடைக்காதீர்கள். வெள்ளத்தில் வீட்டுக்குள் வருகிற தண்ணீரும், கோடையில் கிடைக்காமல் போகிற தண்ணீரும் அந்த அடைப்பில்தான் தொடங்குகின்றன.

இருவரும் சேர்ந்து

தம்பதிகளே, கடைசியாக ஒன்று. இதுவரை சொன்னதை எல்லாம் "பொம்பளைங்க வேலை" என்று ஆண்கள் கேட்டுக்கொண்டிருந்தால் என் பேச்சு வீண். தண்ணீர் கொண்டுவருவது, தொட்டி தேய்ப்பது, வாஷர் மாற்றுவது, குழி வெட்டுவது இவற்றில் பாதியாவது ஆண்களுடைய பங்காக வேண்டும். மனைவி கர்ப்பமாக இருந்தாலும், பிரசவமாகி ஆறு வாரம் ஆகும்வரையிலும் தண்ணீர்க் குடம் முழுக்க முழுக்க ஆண்கள் பொறுப்பு. இதில் மானக்கேடு ஒன்றுமில்லை.

பிள்ளைப்பேற்றிலும் அப்படித்தான். ஒரு கிணற்றை இறைத்தால் ஊற இடைவெளி விடுகிறோம். இறைத்துக்கொண்டே இருந்தால் கிணறு சேறாகும். பெண்ணின் உடம்புக்கும் அந்த இடைவெளி வேண்டும். ஒரு குழந்தைக்கும் அடுத்த குழந்தைக்கும் குறைந்தது மூன்று ஆண்டு இடைவெளி இருக்கட்டும். இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று, தலையில் குடம் என்று எந்தப் பெண்ணும் நடக்க வேண்டாம். ஆணுறை, காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசி, சாயா மாத்திரை எல்லாம் அரசு மருத்துவ நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. எது யாருக்குப் பொருந்தும் என்பதை கிராம சுகாதார செவிலியரிடம் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து போய்க் கேளுங்கள். போதும் என்று முடிவு செய்த குடும்பத்தில் ஆண்களுக்கான கத்தியில்லாத கருத்தடைச் சிகிச்சை எளிது. சில நிமிஷ வேலை. உழைக்கும் பலம் குறையாது.

நினைவில் வைக்க வேண்டியவை

1. குடிக்க, கை கழுவ, பெண்கள் சுத்தத்துக்கு, கழிவறைக்கு: இந்த நான்கில் தண்ணீரைக் குறைக்காதீர்கள்.
2. ஒழுகும் குழாயை இந்த வாரமே சரி செய்யுங்கள்.
3. ஒரு முறை பயன்பட்ட தண்ணீருக்கு இரண்டாவது வேலை கொடுங்கள்.
4. வெள்ளிதோறும் தொட்டியைத் தேய்த்துக் கவிழ்த்து, நிரப்பி, மூடுங்கள்.
5. ஐப்பசிக்கு முன் கூரையும் குழாயும் குழியும் தயாராகட்டும்.
6. குடத்தின் பாரத்தைக் கணவனும் மனைவியும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் கர்ப்பிணிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். டிரம்முக்கு அன்றே மூடி போட்டார்கள். மாதம் நிறைந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகப்பிரசவம், பெண் குழந்தை. பார்க்கப் போனபோது அந்த மாமியார் வாசலில் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க சார், இவ வளர்ந்து குடம் தூக்கக் கூடாது, அதுக்கு என்ன செய்யணுமோ இப்பவே சொல்லுங்க" என்றார்.

அவருக்குச் சொன்னதைத்தான் இன்று உங்களுக்கும் சொன்னேன்.